பிரிந்த இல்லமும் பயின்ற நடுவரும்

இல்லறம் என்பது இருவர் கூடி நடத்தும் அறம். அவ்விருவருள் மனம் வேறுபட்டுழி, அறம் கெடுவதோடு நில்லாது, மக்களும் முதியோரும் தொழிலும் ஒருங்கே நிலைகுலைதலை உலகியலில் நாம் காண்கின்றோம். கூடி வாழ்தலின் சிறப்பைக் கூறும் நூல்கள் நம் மொழியிற் பல. ஆயின், பிரிந்தவரிடையே நின்று முறை செய்வார் யாவர், அவர்க்கு வேண்டும் தகுதி யாது, அத்தகுதியை அவர் எங்ஙனம் பெற்றனர் என்பவற்றை ஒருங்கு வைத்து ஆராய்ந்த கட்டுரைகள் அரியவாயுள்ளன. நம் சங்கத்தாரிடமும் இவ்வகை வழக்குகள் வந்தவண்ணம் இருத்தலின், இதன் வரலாற்றை அன்பர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

1. பழந்தமிழர் கண்ட வாயில்கள்

தலைவனும் தலைவியும் ஊடியிருக்குங்கால் இடைநின்று சந்து செய்விப்போரை நம் முன்னோர் 'வாயில்கள்' என்றனர். தொல்காப்பியர் கற்பியலில் இவரைப் பன்னிருவராக வகுத்தெண்ணுவர். தோழி, தாய், பாணன், விருந்தினர், அறிவர் என்றின்னோர் அவ்வரிசையில் அடங்குவர். இவருள் ஒவ்வொருவரும் எவ்விடத்து எங்ஙனம் பேசுதற்குரியர் என்ற வரையறையும் அந்நூலிற் காணப்படும். கண்டவரெல்லாம் கண்டவாறு புகுந்து உரையாடுதல் தமிழர்க்கு உடன்பாடன்று என்பது இதனாற் பெறப்படும்.

புறநானூற்றிலே வையாவிக் கோப்பெரும் பேகன் வரலாறு நம்மவர் பலரும் அறிந்ததே. மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளல் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தனன். அதனை அறிந்த கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வரும் அவள்பொருட்டு அவனிடம் சென்று பாடினர். அவர் செய்கையில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. அவள் துயரைத் தாமே கண்டு வந்து கூறினர் என்பது ஒன்று. பரிசில் வாங்கி வாழும் புலவராயிருந்தும், அவ்விடத்துத் தமக்கெனப் பொருள் வேண்டாது நின்றனர் என்பது மற்றொன்று. அரசனை இழித்துரையாது, அவனுடைய வள்ளன்மையையே நினைவூட்டி நெஞ்சை நெகிழ்விக்க முயன்றனர் என்பது பிறிதொன்று. பேகன் மீண்டானோ இல்லையோ, அப்பாடல்கள் கூறவில்லை. எனினும் நடுவராய் நிற்பார்க்கு வேண்டும் குணங்கள் இவையே என்று இக்காலத்துப் பயிற்சியிற் சொல்லப்படுவனவற்றுள், கண்டறிதல், தன்னலமின்மை, இன்சொல் என்னும் மூன்றும் அந்நால்வர்பால் அமைந்து கிடத்தல் வியப்பாம்.

இனி, மருதத்திணைப் பாடல்களில் புதல்வனே வாயிலாக வருதலும் உண்டு. தெருவில் விளையாடும் சிறுவனைத் தந்தை எடுத்தணைத்தவாறே மனைபுக, தாய் ஊடல் தணிவள். பாட்டிற்கு இஃது அழகே. ஆயினும், உண்மையிற் பிரிந்த இல்லத்தில், பெற்றோரிருவரும் தம்முட் பேசாது பிள்ளையையே தூதாக விடுப்பராயின், அப்பிள்ளை படும் இடர் பெரிது. தந்தை சொல்லைத் தாயிடமும் தாய் சொல்லைத் தந்தையிடமும் சுமந்து திரியும் சிறுவன் இருபாலும் குற்றவாளியாகின்றான். பாட்டின் இன்பத்தையும் வாழ்க்கையின் முறையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

2. அண்மையிலுள்ள ஒரு கல்லெழுத்து

காஞ்சியினின்று நம் மாகறல் வழியாகச் செல்லும் சாலை உத்தரமேரூரை அடைகின்றது. அவ்வூரிலே முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட சாசனங்கள் உலகறிந்தன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆளெடுக்கும் விதியை அவை வகுத்துரைக்கின்றன. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டோராதல் வேண்டும், இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையராதல் வேண்டும், கல்வியுடையராதல் வேண்டும், முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் விலக்கப்படுவர். இவ்வாறெல்லாம் அதிற் காணப்படும்.

அவ்வாரியங்கள் ஏரியும் தோட்டமும் பொன்னும் காத்தற்கு ஏற்பட்டனவேயன்றிக் கணவன் மனைவியர் வழக்கைத் தீர்த்தற்கு ஏற்பட்டனவல்ல. அச்சபையும் அந்தணர் சபையே. ஆயினும் பொதுக்காரியத்தில் அமர்வோர்க்குத் தகுதி இன்னதென எழுதிவைத்தல் வேண்டுமென்னும் கருத்து ஆயிரத்தொரு நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் பக்கத்தூரிற் கல்லின்மேல் நிலைபெற்றுவிட்டது. ஏரிக்கு மடை திறப்பானுக்கே இத்துணைத் தகுதி வேண்டுமாயின், ஒரு குழந்தை எவ்வில்லத்தில் வளர்வது என்று முடிவு கூறுவானுக்கு எத்துணைத் தகுதி வேண்டும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்ப்பாராக.

3. நம் குலத்து நாட்டாண்மை

செங்குந்த கைக்கோளர் சமூகம் எழுபத்திரண்டு நாடுகளாக வகுக்கப்பட்டிருந்ததும், காஞ்சிமாநகரே அவற்றுக்குத் தலைமையான மகாநாடாக விளங்கியதும் நம்மவர் அறிந்தனவே. 1909 ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தர்ஸ்டன் துரையின் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய நூலிலும் இவ்வமைப்புக் குறிக்கப்பட்டுள்ளது. மேல்நாடு நாற்பத்துநான்கு, கீழ்நாடு இருபத்தெட்டு என்பது அதிலுள்ள கணக்கு. பெரிதனக்காரர் என்றும் பட்டக்காரர் என்றும் வழங்கப்பட்ட தலைவரும் அவர்க்குத் துணைவரும் ஊர்தோறும் இருந்தனர். கொடுக்கல் வாங்கலும், தொழிற் பூசலும், மணமுறிவும் அவர்முன் வைக்கப்பட்டன.

அம்முறையின் நன்மை யாதெனின், வழக்குடையாரின் குடியும் குணமும் நடுவர்க்கு முன்னமே தெரிந்திருத்தலும், செலவின்றி விரைந்து முடிவு காண்டலுமாம். பணம் படைத்தோனும் ஊருக்கு அஞ்சினான். தீமை யாதெனின், பெரும்பாலும் பெண் தானே அவைமுன் வந்து பேசாது, தந்தையோ தமையனோ அவள் சார்பில் உரைத்தலும், ஊரொற்றுமை ஒன்றையே நோக்கி 'எப்படியாவது சேர்ந்து வாழ்க' என்று விடுத்தலும், கீழ்ப்படியாதாரைக் குலத்தினின்று விலக்குதலுமாம். அடிபட்டு வந்தவளையும் அதே மனைக்குத் திருப்பி அனுப்பிய தீர்ப்பு நீதியாமோ?

குலவழக்கின்படி மணம் முறிதலை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் முற்றும் ஒதுக்கிவிடவில்லை. இருவரும் ஒருப்பட்டு விலகுதலும் மறுமணம் புரிதலும் ஒரு சாதியின் வழக்கமாயின், அவ்வழக்கம் ஒழுக்கக்கேடன்று என்று 1894 ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் கொண்டது. 1955 ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டமும் 29 ஆம் பிரிவில் வழக்காற்றால் நிகழும் மணமுறிவைக் காத்துள்ளது. ஆயினும் அவ்வழக்கம் பழமையானது, இடையறாதது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனைக் கூறுவோனுடையதாகும். ஆதலின், ஒரு தாளிற் கையெழுத்து வாங்கி 'விடுதலையாயிற்று' என்று எண்ணியிருத்தல் பிற்காலத்திற் பெருந்துன்பத்திற்கு வித்தாகும்.

மேலும், 2011 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டினின்று சென்ற ஒரு வழக்கிலே, கட்டப் பஞ்சாயத்துகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று உச்சநீதிமன்றம் கடிந்துரைத்தது. எனவே பழைய நாட்டாண்மையை மீட்டும் நிறுவலாம் என்பார் உரை இனிச் செல்லாது. அதன்கண் இருந்த அன்பும் அணுக்கமும் வேண்டும். தண்டமும் விலக்கும் வேண்டா. இவ்விரண்டையும் பிரித்தறிதலே நம் சங்கத்தின்முன் நிற்கும் வினா.

4. செங்கற்பட்டு நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி இந்நாட்டிற் பொதுவாக வழங்கும் சட்டம் 1890 ஆம் ஆண்டிற் பிறந்தது. பாதுகாவலரை நியமிக்குங்கால் மைனரின் வயது, பால், சமயம் என்பவற்றையும், பாதுகாவலராவோரின் ஒழுக்கத்தையும் ஆற்றலையும் நோக்குக என்றும், அறிந்து விரும்பத்தக்க பருவம் எய்தியிருப்பின் பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்றும் அது கூறிற்று. சட்டம் நன்றே, அதனைக் கையாளும் முறை எளிதில் அமைந்துவிடவில்லை.

இதற்கு நம் பழைய ஜில்லாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அடையாற்றில் வாழ்ந்த நாராயணையா என்பார், தம் மைந்தர் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தர் என்னும் இருவரையும் 1910 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அன்னி பெசண்டு அம்மையார்பால் எழுத்து மூலமாக ஒப்படைத்தனர். பின்னர் மனம் மாறி, பிள்ளைகளைத் திரும்பத் தரவேண்டுமென்று 1912 ஆம் ஆண்டிற் செங்கற்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். காஞ்சியும் மாகறலும் அக்காலத்து அந்த ஜில்லாவைச் சேர்ந்தனவே. வழக்கு உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. 1913 ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அம்மையார்க்கு வெற்றியில்லை. 1914 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. தந்தையின் பாதுகாவலுரிமை தன்னால் நிலையாகப் பிறர்க்கு மாற்றிக் கொடுக்கத்தக்கதன்று என்று ஒப்புக்கொண்ட அம்மன்றம், அப்பிள்ளைகள் வழக்குத் தொடுத்தபோது இங்கிலாந்தில் இருந்தமையின் செங்கற்பட்டு நீதிமன்றத்திற்கு அவ்வழக்கில் அதிகாரமில்லை என்றும், அப்பிள்ளைகளின் நலமும் கருத்தும் வழக்கிற் போதிய இடம் பெறவில்லை என்றும் கண்டது.

இது கணவன் மனைவியர் வழக்கன்று. ஆயினும் பிரிந்த குடும்பங்களின் வழக்கனைத்திற்கும் பொதுவான குறையொன்று இதில் விளங்குகின்றது. பெரியோர் இருவர் ஒருவரோடொருவர் பல மாதங்கள் பொருதனர். எவர்பொருட்டுப் பொருதனரோ அப்பிள்ளைகளின் குரல் அங்கு ஒலிக்கவில்லை. வழக்குத் தொடங்கிய காலத்திற் கிருஷ்ணமூர்த்திக்குப் பதினேழு வயது. அவரே தம் கருத்தைத் தெளிவுற உரைக்க வல்லவர்.

பிற்காலத்துச் சட்டங்கள் இக்குறையைச் சிறிது சிறிதாக நீக்கலாயின. சென்னை மாகாணம் 1949 ஆம் ஆண்டிலேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்தும் மணமுறிவை அனுமதித்தும் சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்கும் அத்தகைய சட்டம் வந்தது 1955 இல். 1956 ஆம் ஆண்டு இந்து மைனர் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருத்தல் வேண்டுமென்றும், எவ்விடத்தும் குழந்தையின் நலமே தலையாய கருத்தென்றும் விதித்தது. 1973 ஆம் ஆண்டில், சென்னையினின்று சென்ற வழக்கொன்றில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளுமல்லர், விளையாட்டுப் பொருளுமல்லர் என்னும் கருத்துப்பட உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 1890 இலிருந்து இவ்விடத்தை அடைய எண்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன.

5. குடும்ப நீதிமன்றம் பிறந்த வரலாறு

நிலத்தகராற்றையும் கடன் வழக்கையும் விசாரிக்கும் அதே மன்றத்தில், அதே முறையில், அதே குறுக்கு விசாரணையோடு கணவன் மனைவியர் வழக்கும் நடத்தல் தகுமோ என்னும் வினாவை எழுப்பியோருள் முதன்மையானவர் துர்க்காபாய் தேஷ்முக் அம்மையார். சென்னையில் ஆந்திர மகிள சபையை நிறுவியவரும், சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாயிருந்தவருமான அவ்வம்மையார் 1953 ஆம் ஆண்டிற் சீனதேசம் சென்று, ஆங்குள்ள குடும்ப நீதிமன்றங்களை நேரிற் கண்டு, இந்நாட்டிலும் அவை வேண்டுமென நேரு அவர்களிடமும் நீதிபதிகள் சிலரிடமும் எடுத்துரைத்தார். 1974 ஆம் ஆண்டிற் சட்ட ஆணையம் தன் 59 ஆம் அறிக்கையில் இதனை வற்புறுத்திற்று. 1976 ஆம் ஆண்டில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் குடும்ப வழக்குகளுக்கெனத் தனிவிதி சேர்க்கப்பட்டது. இறுதியாக 1984 ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் நிறைவேறியது. சென்னையிற் குடும்ப நீதிமன்றம் 1988 இல் ஏற்பட்டது. பின்னர் மதுரை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் ஏற்படலாயின.

இச்சட்டத்தின் கூறுகள் சிலவற்றை அன்பர்கள் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது, குழந்தைகளின் நலத்தை வளர்க்கும் கருத்துடையாரையும், இணக்கம் செய்விக்கும் அனுபவமும் திறமையும் வாய்ந்தாரையும் தேட முயலுக என்பதும், பெண்டிர்க்கு முதன்மை தருக என்பதும் 4 ஆம் பிரிவு. மனவறிவுரை கூறுவோர் மன்றத்தோடு இணைந்திருப்பர் என்பது 6 ஆம் பிரிவு. முதலில் இணக்கத்திற்கு முயலுதல் மன்றத்தின் கடமை என்பது 9 ஆம் பிரிவு. இருவருள் ஒருவர் வேண்டினும் விசாரணை மூடிய அறையில் நடைபெறும் என்பது 11 ஆம் பிரிவு. மருத்துவர், சமூகநலம் அறிந்தோர் ஆகியோரின் துணையை நீதிபதி நாடலாம் என்பது 12 ஆம் பிரிவு. வக்கீல் வழியாகவே பேசுதல் வழக்காளியின் உரிமையன்று என்பது 13 ஆம் பிரிவு.

உத்தரமேரூர்க் கல்லெழுத்துப்போல இங்கும் தகுதி எழுதப்பட்டது. ஆயின் தகுதியை எழுதுதல் வேறு, தகுதியுடையாரை ஆக்குதல் வேறு. சட்டத்தை மனப்பாடம் செய்தவர், அழுகின்ற தாயோடும், வாய்திறவாத தந்தையோடும், மேசையின்கீழ் ஒளிந்துகொள்ளும் ஐந்து வயதுக் குழந்தையோடும் உரையாடும் கலையைத் தாமே கற்றிருப்பார் என்று எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே பயிற்சி இன்றியமையாததாயிற்று.

6. நடுவர்க்குப் பயிற்சி

பிறநாடுகளை நோக்குவோம். ஜப்பான் தேசத்தில் 1949 ஆம் ஆண்டு ஜனவரி முதல் குடும்ப நீதிமன்றங்கள் நடைபெறுகின்றன. ஆங்கு உளநூலும் சமூகநூலும் பயின்று, நீதிமன்றத்தாராலேயே பயிற்றப்பட்ட ஆய்வாளர், வீடும் பள்ளியும் சென்று குழந்தையின் நிலையறிந்து நீதிபதிக்கு அறிக்கை தருவர். ஆஸ்திரேலியாவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு ஆண்டு தொடங்கிய குடும்ப நீதிமன்றத்தில் அறிவுரையாளர் பகுதி தொடக்கத்திலிருந்தே உடன் அமைந்தது.

நம் நாட்டிற் போபால் நகரில் தேசிய நீதித்துறைப் பயிலகம் 1993 இல் நிறுவப்பட்டது. சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிலகம் 2001 இல் தோன்றியது. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் அதன் கிளைகள் உண்டு. பதவியேற்ற நீதிபதிகளும் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்து கற்கும் இடங்கள் இவை. ஆசிரியத் தொழிலோராகிய நமக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தருவது. கற்பிப்போனும் தீர்ப்போனும் கற்றலை நிறுத்தின் அன்றே தகுதி குறையத் தொடங்குகின்றது.

2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ்நாடு சமரச மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த அத்தகைய மையங்களுள் இந்தியாவில் இதுவே முதலாவது என்பது தமிழர்க்குப் பெருமை. அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் அமைத்த சமரசக் குழு, நடுவராக விரும்புவோர் நாற்பது மணிநேரப் பயிற்சி பெறுதல் வேண்டுமென வகுத்தது. அப்பயிற்சியில் விரிவுரை ஒரு பகுதியே; பயில்வோரே கணவனாகவும் மனைவியாகவும் நடுவராகவும் நடித்துப் பழகுதல் மற்றொரு பகுதி. செவிமடுத்தல், இருவரையும் தனித்தனியே கேட்டல், கேட்டதை மறைகாத்தல், தன் கருத்தைத் திணியாமை, பேச்சு முட்டுப்பட்டுழி வேறு வழி காட்டல் என்பன அதிற் கற்பிக்கப்படும். 2013 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், மணவழக்குகளை இயன்றவரை சமரசத்திற்கு அனுப்புக என்றும், வழக்குத் தொடுக்குமுன்னரே மக்கள் நாடிவரத்தக்க பகுதிகளைச் சமரச மையங்களில் அமைக்க என்றும் பணித்தது. 2023 இல் சமரசத்திற்கெனத் தனிச் சட்டமும் நிறைவேறியுள்ளது.

இனி, பிரிந்த குடும்பத்தாரிடையே நிற்போர் சிறப்பாக அறியவேண்டுவன நான்கு.

முதலாவது, கொடுமையைக் கண்டறிதல். இணக்கம் நன்றே, ஆனால் அச்சத்தால் தலையசைத்தல் இணக்கமாகாது. அடியும் வசையும் உள்ள இல்லத்தில், கணவனையும் மனைவியையும் ஒருங்கே அமர்த்திப் பேசச் செய்தல் தீங்காய் முடியும். தனியே கேட்டறிந்த பின்னரே சேர்த்துக் கேட்டல் தகும். 2005 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் உளர் என்பதையும் நடுவர் அறிவுறுத்தல் வேண்டும்.

இரண்டாவது, குழந்தையின் மனம். பெற்றோர் பிரிவுக்குத் தானே காரணம் என்று எண்ணி உள்ளே குமைதல் இளம்பிள்ளைகளின் இயல்பு. 'தந்தை வேண்டுமா, தாய் வேண்டுமா' என்று நேரே வினவுதல் அக்குழந்தையை நெருப்பில் நிறுத்துதற்கு ஒப்பாகும். ஒரு பெற்றோர் மற்றவர்மீது வெறுப்பை ஊட்டிப் பிள்ளையைப் பிரிக்கும் தீமையை 2017 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2015 ஆம் ஆண்டிற் சட்ட ஆணையத்தின் 257 ஆம் அறிக்கை, தக்க இடங்களில் இருவரும் சேர்ந்து பேணும் முறையையும் சட்டத்திற் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

மூன்றாவது, வருவாய். சீவனாம்ச வழக்கில் இருதிறத்தாரும் தத்தம் வருவாயையும் உடைமையையும் கடனையும் சத்தியப் பிரமாணமாக எழுதித் தரவேண்டுமென்று 2020 ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் விதித்தது.

நான்காவது, காலம். பெரியோர்க்கு ஈராண்டு சிறுபொழுது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளிற் பெரும்பகுதி. வாய்தாவின்மேல் வாய்தா செல்லுங்கால், காணாத பெற்றோரின் முகமே அதற்கு அயலாகிவிடுகின்றது.

7. தறி நிற்கும் வீடு

மேற்கூறிய பயிற்சிகளில் நம் தொழிலாளரின் வாழ்க்கையும் இடம்பெறல் வேண்டுமென்பது நம் விண்ணப்பம். காஞ்சிப் பட்டு ஒருவர் கையால் நெய்யப்படுவதன்று. குழித்தறியில் ஒருவர் அமர, கோர்வை வாங்கப் பக்கத்தில் மற்றொருவர் வேண்டும். தார் சுற்ற ஒருவர் வேண்டும். பாவு பிணைக்கப் பலர் வேண்டும். கணவனும் மனைவியும் பிரிந்த அன்றே கோர்வைக்கு ஆளில்லை, தறி நின்றுவிடும். கூலி நிற்கும், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் நில்லாது தொடரும்.

இந்நிலையில் 'இவர் மாத வருவாய் யாது' என்று வினவுவாருக்கு விடைகூறல் அரிது. நெய்வோர் மாதச் சம்பளம் பெறுவோரல்லர். ஒரு பாவு முடிந்தபின் பெறுவோர். கூட்டுறவுச் சங்கத்தில் நெய்வார்க்குக் கணக்கேடு உண்டு. தனி முதலாளியிடம் நெய்வார்க்குப் பெரும்பாலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமே சான்று. அன்றியும், அப்புத்தகத்திற் கணவன் பெயரே காணப்படும். பக்கத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்காய்க் கோர்வை வாங்கிய மனைவியின் பெயர் காணப்படாது. 'இவள் வருவாயற்றவள்' என்று எழுதப்படுங்கால், அச்சேலையிற் பாதி அவள் உழைப்பு என்பது மறைந்துபோகின்றது. பிரிவின்பின் தறி எவருடையது? கடன் எவருடையது? தாய் வீடு சென்றவள் ஆங்குத் தறியின்றி எத்தொழில் செய்வாள்? நெசவு வீட்டின் நடைமுறை அறியாத நடுவர் இவற்றை வினவவும் அறியார். இது நெசவுக்கு மட்டுமன்று; உழவர்க்கும் கடலோடிகட்கும் ஒக்கும். தொழிலறியாது குடும்பம் அறிதல் இல்லை.

பள்ளிக்கூடமும் இவ்வழக்கிற் பங்குடையது. பெற்றோர் கையெழுத்து வாங்கிவருக என்ற அன்று ஒரு பிள்ளை தலைகுனிந்து வாளாவிருத்தலை ஆசிரியராயினார் யாவரும் கண்டிருப்பர். வகுப்பறையில் அதனைப் பலர் கேட்ப வினவாதிருத்தலும், பிள்ளையைப் பற்றிய செய்தியை இருபெற்றோர்க்கும் நடுநிலையோடு கூறுதலும், ஒருவர் பகைக்கு மற்றவர் கருவியாகாமையும் ஆசிரியர் கடன். ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் இதற்கும் சில பக்கம் ஒதுக்கப்படுமாயின் நன்று.

8. நாம் செய்யத்தக்கன

சங்கத்தார்க்கு நாம் வேண்டிக்கொள்வன சிலவே.

ஒன்று: நம் சங்கம் தீர்ப்புக் கூறும் மன்றமாக அமர்தல் கூடாது. அபராதமும் விலக்கும் நம் வாயினின்று எழலாகாது. ஆறுதல் உரைத்தலும் வழிகாட்டலுமே நம் எல்லை.

இரண்டு: நம்மவருள் நால்வர் அறுவரேனும், அவருட் பாதியினர் பெண்டிராக, சமரசப் பயிற்சியை முறையாகப் பெற முன்வருதல் வேண்டும். வயது முதிர்ந்தமை ஒன்றே தகுதியாகாது. நம் பெரியோரும் இதனைக் குறைவாகக் கருதாது, நீதிபதிகளே கற்கும்போது தாமும் கற்பாராக.

மூன்று: 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் வருவாய் வரம்பு நோக்காது இலவச சட்ட உதவி உரியது. இதனை அறியாமையால் நகையை விற்று வழக்காடுவோர் உளர். ஒவ்வொரு வீட்டிலும் இச்செய்தி தெரிந்திருத்தல் வேண்டும்.

நான்கு: பிரிந்து வாழ்வாரையும் அவர் மக்களையும் நம் விழாக்களினின்றும் கோயிற் சிறப்புகளினின்றும் ஒதுக்காதிருத்தல். மணம் முறிந்தமையால் மகன் மகனல்லனாகான், பாட்டன் பாட்டனல்லனாகான். தந்தைவழிப் பாட்டியும் தாய்வழிப் பாட்டியும் அக்குழந்தைக்கு ஒரே நிழல் தருவோரே.

சேர்த்து வைத்தல் இயலுமிடத்துச் சேர்த்துவைத்தல் அறம். இயலாவிடத்து, பகையின்றிப் பிரியச் செய்து, இடையில் நிற்கும் மழலையைக் காத்தலும் அதனினும் குறைந்த அறமன்று. நம் ஊரில் எழுந்தருளியிருக்கும் திருமாகறலீசர்க்கு அடைக்கலங்காத்த நாதர் என்பதும் ஒரு திருநாமம். அப்பெயரை நாவாற் சொல்லும் நாம், வீடிரண்டுபட்ட குழந்தைக்கு அடைக்கலமாக நிற்கக் கற்றுக்கொள்வோமாக.

மாகறல்
தமிழாசிரியர் ஒருவர்